சின்னக் குழந்தைகிட்ட சாவை எப்படிச் சொல்றது? வீடு, சடங்கு, மயானம், ஸ்கூல்

எல்கேஜி டீச்சர் (வேளச்சேரி)

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை. ஃப்ரீசர் பாக்ஸ், சாமியானா, வண்டி, வெளியூர் சொந்தத்துக்குத் தகவல், மயானத்துக்கு நேரம் குறிப்பது. நாலு வயதுக் குழந்தை வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த இழை 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கானது. ஆறுதல் கவிதை வேண்டாம். என்ன சொல்வது, என்ன செய்வது, எது சொதப்பும், ஏன் சொதப்பும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

நான் முதல் அரைமணி நேரத்தைப் பற்றி ஆரம்பிக்கிறேன்.

யார் சொல்வது: தினமும் சோறு ஊட்டி, தூங்க வைப்பவர். அவரால் பேசவே முடியவில்லை என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், சித்தியோ மாமாவோ சொல்லட்டும். எப்போது: உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்னால். வாட்ச்மேன் வாயாலோ பக்கத்து ஃப்ளாட் பையன் வாயாலோ குழந்தை தெரிந்துகொள்ளக் கூடாது. எங்கே: கூடத்தில் இருபது பேர் நடுவில் வேண்டாம். இரண்டு ரூம் வீடு என்றால் மொட்டை மாடி, மாடிப்படி, எதிர் வீடு, எங்காவது பத்து நிமிடம். தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண்மட்டத்துக்கு வந்து சொல்லுங்கள்.

என்ன சொல்வது: “உன்கிட்ட ஒரு ரொம்ப வருத்தமான விஷயம் சொல்லப்போறேன்.” கொஞ்சம் நிறுத்துங்கள். “தாத்தா இன்னைக்குக் காலைல செத்துப்போயிட்டாரு. அவரு இதயத்துல பெரிய வியாதி இருந்துச்சு. டாக்டருங்க மருந்து குடுத்துப் பாத்தாங்க, சரியாகல. அவரு உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே மூச்சு விட மாட்டாரு, பேச மாட்டாரு. அவருக்கு வலிக்காது, பசிக்காது. திரும்பி வரவும் மாட்டாரு. நான் உன்கூடத்தான் இருக்கேன்.”

அத்தோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். “சரி, நான் விளையாடப் போகட்டா?” என்று கேட்டால் போகவிடுங்கள். கல்நெஞ்சு என்று அர்த்தமில்லை. சின்னப் பிள்ளைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தொடுவார்கள், தொட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன அதே வாக்கியத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள்: “பாப்பாகிட்ட இப்படித்தான் சொல்லியிருக்கோம். எல்லாரும் இதையே சொல்லுங்க.” ஐந்து பேர் ஐந்து கதை சொன்னால் குழந்தை எதையும் நம்பாது.

கேள்விக்குறி

டீச்சர், “செத்துப்போயிட்டாரு”ன்னு குழந்தை மூஞ்சிய பாத்து எப்படிங்க வாய் வரும்? எங்க பக்கம் எல்லாம் சாமிகிட்ட போயிட்டாரு, நட்சத்திரமாயிட்டாருன்னுதான் சொல்லுவாங்க. அதுல என்ன தப்பு?

மாத்திரைச் சீட்டு (குழந்தை மருத்துவம்)

கடுமையாக இருந்தால் “இறந்துட்டாரு” போதும். மூடிமறைக்காத சொல்லாக இருந்தால் சரி. ஏன் என்றால், இந்த வயதில் குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும்.

“தூங்கிட்டாரு” என்றால் அன்று ராத்திரியே தூங்க அடம் பிடிக்கும். நடுராத்திரி எழுந்து அம்மாவை உலுக்கிப் பார்க்கும். “ஊருக்குப் போயிருக்காரு” என்றால் காத்திருக்கும், வீடியோ கால் போடச் சொல்லும், சொல்லாமல் போனார் என்று கோபப்படும். கடைசியில் உண்மை தெரியும்போது பொய் சொன்னவர் மேல் நம்பிக்கை போகும், அப்போது அந்த வீட்டில் அதற்கு மிச்சம் இருப்பவரே அவர்தான். “நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்” என்பதுதான் இருப்பதிலேயே மோசம். நல்ல பிள்ளையாக இருந்தால் செத்துவிடுவோம் என்று கணக்குப் போட்டுக் குறும்பு பண்ணும், அல்லது கோயிலுக்கு வர மாட்டேன் என்று அழும். வெறுமனே “உடம்பு சரியில்லாம இறந்துட்டாரு” என்றாலும் சிக்கல்தான். அடுத்த முறை தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் பயந்து நடுங்கும். “உனக்கு வர்ற சளி, காய்ச்சல் வேற. இது ரொம்ப ரொம்பப் பெரிய வியாதி” என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

வயதுக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். சாவு என்றால் என்ன என்று முழுதாகப் புரிய நாலு விஷயம் பிடிபட வேண்டும்: திரும்பி வர முடியாது, உடம்பு எதையும் செய்யாது, எல்லா உயிருக்கும் உண்டு, அதற்கு உடலுக்குள் ஒரு காரணம் உண்டு. ஸ்பீஸ், பிரென்ட் என்ற இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1984ல் எழுதினார்கள். இதில் முதல் மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5 வயதுக்கும் 7 வயதுக்கும் நடுவில் பிடிபடுகின்றன என்பது அவர்கள் முடிவு. அதற்கும் முன்னால், 1948ல், மரியா நாகி ஹங்கேரியப் பிள்ளைகளிடம் கேட்டபோது 5 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் சாவை ஒரு பயணம் போலவோ தூக்கம் போலவோ சொன்னார்கள். அதற்கு மேலே 9 வயது வரை இருந்தவர்களில் பலர் யாரோ ஓர் ஆள் வந்து பிடித்துக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். நம் ஊரில் அந்த ஆளுக்கு எமன் என்று பெயரும் எருமையும் ரெடியாக இருக்கிறது, டிவியில் வேறு வருகிறான். அதனால் 6 வயதுப் பையன் ஜன்னலை மூடச் சொன்னால் யாரைப் பயந்து சொல்கிறான் என்று கேளுங்கள்.

4 வயதுக்காரி ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில், அதே சொற்கள். பதில் மாறுகிறதா என்றுதான் பார்க்கிறாள்.

பெரம்பூர் பெரியம்மா

டாக்டர் தம்பி சொல்றது சரிதான், ஆனா சாமிய அப்படியே விட்டுட முடியுமா? நம்பிக்கை இருக்கற வீட்ல அதுவும் ஒரு பிடிப்புதான். வரிசை முக்கியம். முதல்ல உடம்பு நின்னுடுச்சு, திரும்பி வராதுன்னு சொல்லணும். அது புரிஞ்ச அப்புறம், “நம்ம வீட்ல எல்லாரும் தாத்தா சாமிகிட்ட இருக்காருன்னு நம்பறோம்”னு சொல்லலாம். சர்ச்சுக்குப் போறவங்க பரலோகம்பாங்க, பள்ளிவாசலுக்குப் போறவங்க அல்லாகிட்ட போயிட்டாருன்னு சொல்வாங்க. எல்லாத்துக்கும் இதே வரிசைதான். சாமி வந்து எடுத்துக்கிட்டாருன்னு மட்டும் வேணாம். எடுத்துக்கறதுக்கு அவரு என்ன திருடனா?

நைட் டூட்டி (நர்ஸ்)

உடலைக் காட்டுவது பற்றி. காட்டலாமா கூடாதா என்று சொந்தக்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். குழந்தையிடம் கேட்டால் முடிந்தது. ஆனால் கேட்பதற்கு முன் என்ன பார்க்கப்போகிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

வர்ணனை இப்படி: “கூடத்துல நீளமா ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கு. அதுக்குள்ள தாத்தா உடம்பைப் படுக்க வெச்சிருக்காங்க. மூக்குல பஞ்சு வெச்சிருக்கும். தாடையைச் சுத்தித் துணி கட்டியிருக்கும். கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கும். நெத்தியில காசு இருக்கும். முகம் கொஞ்சம் வேற நிறமா இருக்கும். நிறைய பேர் சத்தமா அழுவாங்க, மார்ல அடிச்சுக்குவாங்க. அவங்களுக்கு வருத்தம், உன்மேல கோவம் இல்ல.”

ஏன் பஞ்சு என்று கேட்கும். உள்ளிருந்து நீர் வெளியே வராமல் இருக்க. ஏன் கட்டு? உடம்பு தானாக எதையும் பிடித்துக்கொள்ளாது, வாய் திறந்துகொள்ளும், கால் விலகும், அதனால். ஏன் பெட்டி குளிருகிறது? எல்லாரும் வந்து பார்க்கும்வரை உடம்பு கெடாமல் இருக்க. “தாத்தாவுக்குக் குளிராதா?” என்பது கட்டாயம் வரும். “உடம்பு நின்னுடுச்சு, அதனால குளிரோ சூடோ எதுவும் தெரியாது.” இந்தப் பதிலைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பின்னால் தகனம் பற்றிப் பேசுவது பாதி சுலபம்.

தூக்கிப் பிடித்து முத்தம் கொடுக்கச் சொல்லாதீர்கள். தொட வேண்டுமா என்று கேளுங்கள், “சில்லுனு இருக்கும்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். போஸ்ட்மார்ட்டம் முடிந்து வரும் உடல் என்றால் முழுக்கத் துணி சுற்றியிருக்கும். முதலில் ஒரு பெரியவர் பார்க்கட்டும். முகம் காட்டும் நிலையில் இல்லை என்றால் கையை மட்டும் காட்டலாம், அல்லது ஒரு பூவைக் கொடுத்துத் துணிமேல் வைக்கச் சொல்லலாம்.

இதைவிட முக்கியம் துணையாள். அன்று முழுக்க அந்தக் குழந்தையை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவர். நெருங்கிய சொந்தமாக இருந்தால் அவரே உடைந்து போவார். குழந்தைக்குப் பழக்கமான பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அப்பாவின் நண்பர், டியூஷன் அக்கா, இப்படி ஒருவர். கையில் தண்ணீர், பிஸ்கட், மாற்று உடை, பிடித்த பொம்மை. வெளியே போகணும் என்று குழந்தை சொன்ன நிமிடம் கூட்டிப் போக ஒரு வீடு. தப்பட்டையும் பட்டாசும் உள்ள ஊர்வலம் என்றால் அந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கட்டும். அடி விழும் சத்தம் சின்ன நெஞ்சுக்குள் அதிரும், பல பிள்ளைகள் பயப்படுவது உடலைப் பார்த்து அல்ல, இந்தச் சத்தத்துக்கு.

கேள்விக்குறி

பேரப்பிள்ளைங்க நெய்ப்பந்தம் பிடிக்கணும்னு பெரியவங்க நிப்பாங்களே? 5 வயசுப் பிள்ளைக்குக் குடுக்கலாமா? மயானத்துக்கும் கூட்டிட்டுப் போகலாமான்னு சொல்லுங்க.

பெரம்பூர் பெரியம்மா

பிள்ளைக்கு இஷ்டம்னா குடுக்கலாம். பந்தம் பிடிச்ச பிள்ளைங்க பல பேர் பெருமையா நிப்பாங்க, தாத்தாவுக்கு நானும் ஒண்ணு செஞ்சேன்னு இருக்கும். ஆனா நெருப்பு நெருப்புதான். பாலியஸ்டர் பாவாடை, நைலான் ஃப்ராக் கூடவே கூடாது, பருத்தித் துணி போடுங்க. தலைமுடியைப் பின்னிக் கட்டுங்க, துப்பட்டா மாதிரி எதுவும் தொங்கக் கூடாது. நெய்யை அளவாத் தோய்க்கச் சொல்லுங்க, சொட்டினா கையில விழும். பெரியவங்க ஒருத்தர் பின்னாடி முட்டி போட்டு உக்காந்து குச்சியச் சேர்த்துப் பிடிக்கணும். அஞ்சாறு பிள்ளைங்களை நெருக்கி நிறுத்தாதீங்க, ஒருத்தர் பந்தம் இன்னொருத்தர் முடியில படும். வேணாம்னு சொல்ற பிள்ளைக்குப் பூவைக் குடுங்க. வாய்க்கரிசியும் அப்படித்தான், விருப்பம் இருந்தாதான்.

படம் வரைஞ்சு, கடுதாசி எழுதி உடம்போட வெக்கலாம், குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். காகிதம், பருத்தித் துணி, பூ பரவாயில்ல. பேட்டரி போட்ட பொம்மை, ரிமோட் கார், செல்போன் வெச்சிடாதீங்க, கேஸ் தகன மேடையில பேட்டரி வெடிக்கும். அதை முன்னாடியே சொல்லிடுங்க. கடைசி நேரத்துல ஆளுங்க பிடுங்கிப் போட்டா பிள்ளை உடைஞ்சு போயிடும்.

பையன்தான் கொள்ளி வெக்கணும்னு 6 வயசுப் பிள்ளைக்கு மொட்டை அடிச்சு, குடம் தூக்க வெக்கறாங்களே, அதுக்கும் வழி இருக்கு. பிள்ளை கையால தர்ப்பையை வாங்கிட்டு சித்தப்பாவோ மாமாவோ செய்யறது சடங்கு பண்ணி வெக்கற வாத்தியாருங்களுக்குத் தெரிஞ்ச வழக்கந்தான், முன்கூட்டியே பேசிடுங்க. பொண்டாட்டியோ பொண்ணோ கொள்ளி வெக்கறதும் இப்போ சென்னையில புதுசு இல்ல. மொட்டை போடறதுன்னா “முடி திரும்ப வளரும், வலிக்காது”ன்னு முதல் நாளே சொல்லுங்க. திடுதிப்புன்னு உக்கார வெச்சா கத்தியப் பாத்து அலறும்.

ஒரு வாக்கியத்தை மட்டும் வாசல்லயே தடுத்து நிறுத்துங்க: “இனிமே நீதான்டா இந்த வீட்டு ஆம்பள, அம்மாவ நீதான் பாத்துக்கணும்.” துக்கம் விசாரிக்க வர்ற பத்துல எட்டுப் பேர் இதைச் சொல்வாங்க. மூணு மாசம் கழிச்சு அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போக மாட்டேன், அம்மா தனியா இருப்பாங்கன்னு உக்காரும்.

அப்புறம், புருஷன் போன பொம்பளைக்குப் பூ, பொட்டு, தாலி எடுக்கற சடங்கு. அதைச் செய்யாம விடறதுதான் நல்லது, நிறைய வீட்ல விட்டாச்சு. விடலைன்னா அந்த நேரம் பிள்ளை அந்தத் தெருவுலயே இருக்கக் கூடாது. அப்பா போனதோட அம்மாவ நாலு பேர் பிடிச்சு உக்கார வெச்சு இழுக்கறதையும் பாத்தா அதுக்கு எப்படி இருக்கும்?

எல்கேஜி டீச்சர் (வேளச்சேரி)

பெரியம்மா சொன்ன கடைசி விஷயத்துக்கு ஒரு பெரிய கும்பிடு.

மயானம் பற்றி: கண்ணம்மாபேட்டையோ பெசன்ட் நகரோ, வாசல் வரை போய்ப் பூப்போட்டுவிட்டுத் திரும்பலாம். 8 வயதுக்குக் கீழே உலைக் கதவு திறந்து மூடுவதைப் பார்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

நைட் டூட்டி (நர்ஸ்)

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன் டீச்சர். பார்க்க வேண்டாம், சரி. ஆனால் என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் 7 வயதுப் பையன் ஸ்கூல் வேனில் இன்னொரு பையனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான், அதுவும் பேய்க்கதையோடு. கேட்டால் சொல்லுங்கள்: “உடம்புக்கு எதுவும் தெரியாதில்ல, அதனால ரொம்பச் சூடான ஒரு இடத்துல வெப்பாங்க. அது சாம்பலாயிடும். சாம்பலை அப்புறம் கடல்ல கரைப்போம்.” “எரிப்பாங்க” என்று ஆரம்பித்தால் அடுப்புச் சூடு பட்ட ஞாபகம்தான் வரும். வலி தெரியாது என்பதுதான் முதல் வரி. புதைக்கும் வீடுகளில் அதே போல: மண்ணுக்குள் மூச்சு முட்டுமா, இருட்டா இருக்குமா என்று கேட்பார்கள். மூச்சு விடுவது நின்றுவிட்டது, இருட்டு தெரியாது. பிறகு ஒருநாள் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் இடத்தைக் காட்டலாம்.

எல்கேஜி டீச்சர் (வேளச்சேரி)

சொல்வதில் எனக்கும் மறுப்பு இல்லை. கேட்காத 3 வயதுக் குழந்தைக்கு விளக்க வேண்டாம் என்பேன், அவ்வளவுதான்.

ஓஎம்ஆர் டிராஃபிக்

இவ்ளோ கஷ்டம் எதுக்கு? காரியம் முடியற வரைக்கும் பதினாறு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டா குழந்தை ஜாலியா இருக்கும். எதுவும் ஞாபகம் இருக்காது.

மாத்திரைச் சீட்டு (குழந்தை மருத்துவம்)

ப்ரோ, போகும்போது அப்பா இருந்தார், திரும்பி வரும்போது மாலை போட்ட படம். நடுவில் என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது. கூடவே அம்மாவும் தன் கட்டிலும் ஸ்கூலும் பதினாறு நாள் இல்லாமல் போயின. அப்புறம் அம்மா கடைக்குப் போனாலும் காலைக் கட்டிக்கொண்டு அழும், ஏன் என்று யாருக்கும் புரியாது. ஒன்றிரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டில் விடலாம். ராத்திரி தன் வீட்டில், தன் ஆட்களோடு.

வீடு கூட்டமாக இருந்தாலும் மூன்றை மட்டும் மாற்றாதீர்கள்: சாப்பாட்டு நேரம், குளிக்கும் நேரம், தூங்க வைக்கும் முறை. 2 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பதைவிட இதுதான் வைத்தியம்.

கேட்காமலே சொல்ல வேண்டியதும் உண்டு. இந்த வயதுப் பிள்ளைக்குத் தான் நினைத்தால் நடக்கும் என்ற எண்ணம் இருக்கும். சண்டையில் “நீ செத்துப் போ” என்று சொல்லியிருக்கும். மருந்து கொடுக்கும்போது தட்டிவிட்டிருக்கும். தாத்தா தூங்கும்போது சத்தம் போட்டிருக்கும். வெளியே சொல்லாது. அதனால் எல்லா வீட்டிலும் இதைச் சொல்லிவிடுங்கள்: “நீ சொன்னதால இல்ல, நீ நினைச்சதால இல்ல, நீ செஞ்சதால இல்ல.” ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

அடுத்த பயம் “நீயும் செத்துடுவியா?” “நான் சாகவே மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள், எல்லாரும் சாவார்கள் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறீர்கள். “எல்லாரும் ஒரு நாள் சாவாங்க. நான் நல்லா இருக்கேன், நீ பெரிய ஆளாகற வரைக்கும் இருப்பேன்னு நினைக்கறேன். எனக்கு ஏதாவது ஆனாலும் சித்தி உன்னைப் பாத்துக்குவாங்க, சித்திகிட்ட பேசிட்டேன்.” நிஜமாகவே பேசிவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்கு அன்பைப் பற்றிப் பேச வேண்டாம், டைம்டேபிள் சொல்லுங்கள். காலையில் தலை வாருவது பாட்டி. வேனில் ஏற்றுவது மாமா. மதியம் கூட்டி வருவது அம்மா. ராத்திரி கதை அம்மா.

கேள்விக்குறி

ரெண்டு வாரமா படுக்கையில ஒண்ணுக்குப் போற 5 வயசுப் பிள்ளைக்கு என்ன பண்றது? அதோட பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அடிச்சு “சாவு விளையாட்டு” ஆடுது, பெரியவங்க அபசகுனம்னு அடிக்கறாங்க.

எல்கேஜி டீச்சர் (வேளச்சேரி)

இரண்டுமே வழக்கமாக வருவதுதான். விரல் சூப்புவது, மழலை பேசுவது, ஊட்டிவிடச் சொல்வது, காலையில் வயிற்றுவலி, இதெல்லாம் சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் வரும். திட்டாமல், பேசாமல் விரிப்பை மாற்றுங்கள். படுக்கைக்குக் கீழே ரப்பர் ஷீட், தூங்குவதற்கு முன் ஒருமுறை பாத்ரூம், ராத்திரி விளக்கு. “பெரிய பிள்ளை இப்படிப் பண்ணலாமா” வேண்டாம். பகலிலும் கசிவது, எரிச்சல், காய்ச்சல் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், எல்லாவற்றையும் துக்கத்தின் தலையில் போடக் கூடாது.

சாவு விளையாட்டைத் தடுக்காதீர்கள். பொம்மையைப் படுக்க வைத்து, பூப்போட்டு, பக்கெட் அடித்து, தூக்கிக்கொண்டு போவது அந்தப் பிள்ளை பார்த்ததைத் தனக்குப் புரியும் அளவுக்குச் சின்னதாக்கிக்கொள்ளும் வழி. பக்கத்தில் உட்காருங்கள், “இப்ப என்ன நடக்குது?” என்று மட்டும் கேளுங்கள். கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி: தினமும் ஒரே காட்சி, மாற்றமே இல்லை, முடிக்கவே மாட்டேன் என்கிறது, விளையாடி முடித்தால் இன்னும் பதற்றம். அப்படி என்றால் ஆலோசகரிடம் போங்கள்.

இப்போது ஸ்கூல். பதினாறாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். தகனம் முடிந்து மூன்று நாலு நாளில் அரை நாளாக அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் கிளாஸ் டீச்சரிடம் நேரில் ஒருவர் போய் நாலு விஷயம் சொல்லுங்கள்: யார் இறந்தார், குழந்தையிடம் எந்த வாக்கியம் சொன்னோம், இனி யார் கூட்டிப் போவார், அழுதால் யாருக்கு போன். வேன் டிரைவருக்கும் ஆயாவுக்கும் சொல்லுங்கள். “அப்பா வரலையா?” என்று முதலில் கேட்பது அவர்கள்தான்.

டீச்சர்களுக்கு: குழந்தை வருவதற்கு முந்தின நாளே வகுப்புக்குச் சொல்லிவிடுங்கள். “அவங்க அப்பா இறந்துட்டாரு. வருத்தமா இருப்பா. விளையாடக் கூப்பிடுங்க. அப்பாவைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்க வேணாம்.” நெஞ்சு முட்டினால் எழுந்து போக ஒரு வண்ண அட்டை கொடுங்கள். காட்டினால் போதும், காரணம் சொல்ல வேண்டாம், ஆயாவோடு லைப்ரரிக்கோ சிக் ரூமுக்கோ போகலாம். ஸ்டாஃப் ரூமில் கூப்பிட்டு நாலு டீச்சர் “பாவம்” என்று தலை தடவுவதை நிறுத்துங்கள். டைரியில் அப்பா கையெழுத்து, ஐடி கார்டில் அப்பா நம்பர், தந்தையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை: இவை மூன்றும் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளையைக் குத்தும். அட்டை செய்யும் நாளில் “யாருக்கு வேணும்னாலும் செய்யலாம், அப்பாவுக்கும் செய்யலாம்” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். இறந்த அப்பாவுக்கே செய்யும் பிள்ளைகளும் உண்டு.

மஞ்சப்பை (சமூகப் பணி)

தற்கொலை பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். “ஆக்ஸிடென்ட்” என்று மறைத்தால் அடுக்கு மாடியில் அடுத்த வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள். வழிமுறையைச் சொல்ல வேண்டியதில்லை. 4 வயதுக்கு: “அப்பா மனசுக்கு ரொம்பப் பெரிய நோய் வந்துச்சு, அதனால இறந்துட்டாரு.” 7, 8 வயதில் நேராகக் கேட்டால்: “அந்த நோய் அவரை ஒழுங்கா யோசிக்க விடல. அவரே தன் உயிரை நிறுத்திக்கிட்டாரு. உன்னைப் பிடிக்காம இல்ல. உதவி கேட்டிருந்தா கிடைச்சிருக்கும், அவரால கேக்க முடியல.” கடன், சண்டை என்று ஒரே காரணத்தை ஒட்டாதீர்கள், வீட்டில் அடுத்த முறை பணப் பேச்சு வந்தாலே பிள்ளை பயப்படும். சொல்லத் தெரியாமல் தவிக்கும் பெரியவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவும் இருக்கிறது, 044-24640050.

மருத்துவ உதவி எப்போது: நானும் அப்பாகிட்ட போறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அன்றே. பார்க்க ஆசை என்பதற்கும் சாக ஆசை என்பதற்கும் வித்தியாசம் உண்டு, “எப்படிப் போவ?” என்று மெதுவாகக் கேட்டால் தெரியும். சாப்பிடாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் தூங்காதது, ஸ்கூலை முழுக்க மறுப்பது, தன்னையோ பிராணிகளையோ காயப்படுத்துவது, இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்க மனநலக் கையேட்டின் 2022 திருத்தத்தில் நீடித்த துக்கக் கோளாறுக்குப் பெரியவர்களுக்கு 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்காக 6 மாதம் ஆகட்டும் என்று உட்கார வேண்டாம், அது பெயர் வைக்கத்தான். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இரண்டும் அரசுடையவை. குழந்தை பாதுகாப்பாக இல்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பணம்: சம்பாதிப்பவர் போன வீட்டில் ஸ்கூல் மாறுவது பிள்ளைக்கு இன்னொரு இழப்பு. முடிந்தால் அந்த வருஷம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யா உதவிக்கு மனுக் கொடுக்கலாம், மாதம் 4,000 ரூபாய், நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் அன்புக் கரங்கள் 2025ல் வந்தது, மாதம் 2,000. இரண்டு பெற்றோரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும். இறப்புச் சான்றிதழ் நகல் குறைந்தது பத்து எடுத்து வையுங்கள்.

நைட் டூட்டி (நர்ஸ்)

போனை யாரும் சொல்லவில்லை. இறந்தவர் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் 90 நாள் பயன்பாடு இல்லை என்று இணைப்பு ரத்தாகும், பிறகு அந்த நம்பர் வேறு யாருக்காவது போகும். குழந்தை அப்பா நம்பரை அமுக்கினால் தெரியாத ஆள் எடுப்பார். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் சும்மா இருந்தால் அழிந்துவிடும், குடும்ப குரூப்பில் “வெளியேறினார்” என்று வரும். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். குறைந்த ரீசார்ஜ் போட்டு நம்பரை வைத்திருங்கள், அல்லது குழந்தைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதுவானாலும் முதல் வாரத்திலேயே வாய்ஸ் மெசேஜ்களை வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

துணிமணி: பதினாறாம் நாள் உதவி செய்கிறேன் என்று ஒரு அத்தை அலமாரியைக் காலி செய்துவிடுவார். அதற்கு முன் துவைக்காத பருத்திச் சட்டை ஒன்றை ஜிப் கவரில் எடுத்து வையுங்கள். குழந்தைக்கு வாசனைதான் ஆள். வியர்வை ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு மூடுங்கள், செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பை ஒன்றைப் போடுங்கள், இல்லை என்றால் சென்னைப் புழுக்கத்தில் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி, பஸ் பாஸ், கையால் எழுதிய மளிகைச் சீட்டு, இவையும் ஒரு டப்பாவில். மாலையும் சீரியல் லைட்டும் போட்ட பெரிய படத்தைப் பார்த்துச் சில பிள்ளைகள் பயப்படும். அவர்களுக்கென்று பொட்டு வைக்காத, சிரிக்கிற சின்னப் படம் ஒன்று கொடுங்கள்.

கேள்விக்குறி

கடைசியா ஒண்ணு. இந்த வருஷம் தீபாவளி கிடையாதுன்னு சொன்னதுக்கு, “நான் என்ன தப்பு பண்ணேன்?”னு பிள்ளை கேக்குது.

பெரம்பூர் பெரியம்மா

தண்டனைன்னு நினைச்சுக்கிச்சு, பாவம். “வருத்தமா இருக்கறதால பெரியவங்க கொண்டாடல, நீ தப்பு பண்ணல”ன்னு சொல்லுங்க. வருஷம் திரும்பாம பெரியவங்க பண்டிகை கொண்டாட வேணாம், பிள்ளைக்கு எதிர் வீட்ல ரெண்டு கம்பி மத்தாப்பு கொளுத்தினா ஒரு குத்தமும் இல்ல. புதுத்துணியை ரெண்டு நாள் முன்னாடியே சாதாரணமாக் குடுத்துடுங்க. அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வெக்கும்போது “தாத்தா காக்காவாயிட்டாரா?”ன்னு கேக்கும். “இல்ல, தாத்தாவ நினைச்சுக்கிட்டு வெக்கறோம்”னு சொல்லி, சோத்து உருண்டையை அதுகிட்டயே குடுத்து வெக்கச் சொல்லுங்க.

மாத்திரைச் சீட்டு (குழந்தை மருத்துவம்)

தலை திவசம் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்டனில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்த வொர்டன், சில்வர்மன் ஆய்வில், சிலருக்குச் சிக்கல் இரண்டாம் வருஷத்தில்தான் வெளியே வந்தது. 4 வயதில் சொன்னதை 6 வயதில், 8 வயதில் புதிதாகக் கேட்பார்கள், அப்போதுதான் காரணம் புரியும் வயது. புது வகுப்பு டீச்சருக்கு ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி சொல்லுங்கள், பழைய டீச்சர் சொல்லியிருப்பார் என்று நம்ப வேண்டாம்.